அத்தையின் ஆடு ஒரே குட்டிதான் போட்டது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. பத்தாவது பாஸ் செய்ததோடு சரி, அதற்கப்புறம் பேனாவைத் தொட்டதெல்லாம் கையெழுத்துப் போடத்தான். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்கக் கூச்சப்பட்டு, தாகத்தோடு திரும்பி வருகிறவன். அப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் எவ்வளவு வயிறு எரிந்திருக்க வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் மறுபடியும் அந்த ஆட்டுக் கதையைச் சொன்னார்கள். மறுபடியும் நான்தான் கோமாளி. என் பக்க நியாயத்தை இதுவரை ஒருவராவது கேட்டதுண்டா? கிடையாது. அதனால் நானே சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. ஹைதராபாத்தில் ஒரு கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக அட்டெண்டராக இருந்தேன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த என் அப்பாவுக்குத் ‘தற்காலிகம்’ என்பது ஒரு வியாதி. காலையில் பல் விளக்கும்போதே, “இன்னாடா, பர்மனென்ட் ஆவுமா ஆவாதா?” என்று ஆரம்பித்துவிடுவார். (ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து மல்காஜ்கிரியில் முப்பது வருஷம் இருந்தும் அவர் தமிழ் மாறவில்லை.)

என் தலைவிதி சுபத்ரா மேடம் கையில் இருந்தது. தெலுங்குக்காரர், நல்லவர். சில வெள்ளாடுகள் எப்போதும் ஒரு குட்டிதான் போடுகின்றன, சில இரண்டு மூன்று போடுகின்றன, ஏன் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. எனக்கும் புரிகிற மாதிரி ஒரு நாள் சொன்னார். ஆட்டின் மூளைக்கு அடியில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதிலிருந்து வருகிற ஹார்மோன்தான் கருமுட்டையை முதிர வைக்கிறதாம். அந்த ஹார்மோனைச் செய்யும் மரபணு எல்லா ஆட்டிலும் இருக்கும், ஆனால் ஆட்டுக்கு ஆடு துளி வித்தியாசம் இருக்கலாமாம்.

“நீ ரயில்வே வீட்டுப் பிள்ளைதானே? ஒரே தண்டவாளம். ஒரே ஓர் இடத்தில் பாயிண்ட் மாறியிருந்தால் வண்டி வேறு பிளாட்பாரத்துக்குப் போய்விடும் இல்லையா? அந்த மாதிரி. மூன்று குட்டி போடும் ஆட்டில் அப்படி ஏதாவது மாறியிருக்கிறதா என்று ரத்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும்.”

என் வேலை, மௌலா அலி, மல்காஜ்கிரி பக்கம் ஆடு வளர்க்கிற வீடுகளுக்குப் போய், எத்தனை குட்டி போட்டது என்று கேட்டு வருவது. கூச்சத்தில் கேட்டுக்கு வெளியிலேயே நின்று கேட்பேன். “ஒண்ணு” என்பார்கள். சரி என்று ஓடி வந்துவிடுவேன். உள்ளே போய்ப் பட்டியை எட்டிப் பார்க்கிற தைரியம் எனக்கு ஏது?

மாதக் கணக்கில் ஒண்ணு, ஒண்ணு என்றே வந்துகொண்டிருந்தது. மேடம் குழம்பிப் போனார். “இந்த ஊர் ஆட்டுக்கு என்னதான் ஆச்சு? இரட்டைக் குட்டியே கிடையாதா?”

அந்த நேரம் பார்த்து டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வருவதாகத் தகவல் வந்தது. ஆராய்ச்சி தொடர்வதும், என்னைப் போன்றவர்கள் பர்மனென்ட் ஆவதும் அவர் தலையசைப்பில்தான் இருந்தது. அவருக்குக் காட்ட மூன்று குட்டி போட்ட ஆடு ஒன்றாவது வேண்டும் என்று மேடம் தவித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நானாக வாயைத் திறந்தேன்.

“என் அத்தை வீட்டில் இருக்கு மேடம். எப்பவும் மூணுதான்.”

பொய்யில்லை. மௌலா அலி குவார்ட்டர்ஸில் இருந்த மரகதம் அத்தையின் ஆடு ஒவ்வொரு ஈற்றிலும் மூன்று குட்டிதான் போடும். எங்கள் வீட்டுக்கு வந்தால் அத்தை வேறு எதையும் பேச மாட்டாள். பெரிய ஆட்கள் ஆட்டைப் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் நான் செய்த ஒரே காரியம்.

ஜீப் வந்து நின்றது. பளபளக்கும் ஷூவோடு அதிகாரி இறங்கினார். பின்னால் மேடம். ரத்தம் எடுக்கும் குழாய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான். கொல்லையில் ஆடு மட்டும் தனியாகக் கட்டியிருந்தது. குட்டிகளைக் காணோம்.

மேடம் தெலுங்கில் கேட்டார், எத்தனை குட்டி என்று. அத்தைக்குத் தெலுங்கு நன்றாகவே வரும். இருந்தாலும் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

“ஒண்ணுதான் போட்டுச்சு. அதுவும் நோஞ்சான்.”

பெட்டியைக் கீழே வைத்தேன். “அத்தை, மூணுன்னு நீங்கதானே...”

“நீ வாய மூடு. ஊர்ல கீறவங்களை எல்லாம் கூட்டிக்கினு வந்து என் ஆட்டுமேல கண்ணு வெக்கச் சொல்றியா?”

அப்போதுதான் புரிந்தது. குட்டி எத்தனை, பிள்ளை எத்தனை, மரத்தில் காய் எத்தனை என்று வெளி ஆளிடம் எங்கள் வீட்டில் யாராவது உள்ளதைச் சொல்லியிருக்கிறார்களா? என் அம்மாவே நாலு பெற்றுவிட்டு, கேட்டவர்களிடம் “ஏதோ ரெண்டு” என்றவள்தானே!

அதிகாரி மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். நான் ஆட்டைப் பார்த்தேன். வீட்டுக்குள்ளேயிருந்து ‘மே’ என்று ஒரு சத்தம். “அது பக்கத்து வூட்டுது” என்றாள் அத்தை. இன்னொரு ‘மே’. அடுத்த நிமிஷம் கதவு இடுக்கைத் தள்ளிக்கொண்டு குட்டிகள் பாய்ந்து வந்து தாயின் மடியில் முட்டின. காம்பு இரண்டு, குட்டி மூன்று. இடம் கிடைக்காத குட்டி ஊரையே கூட்டியது.

அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். விரலை நீட்டி நீட்டி உரக்க எண்ணினார். “ஏக்! தோ! தீன்!”

எண்ணக் கூடாது. அதுவும் விரல் நீட்டி எண்ணவே கூடாது. அத்தை முகம் செத்துவிட்டது. விறுவிறுவென்று போய் ஒரு கொட்டாங்கச்சியை எடுத்து வந்தாள். அதிகாரியின் காலடியில் குனிந்து, “தூக்குங்க” என்று ஷூவைத் தட்டினாள்.

கண்ணு வைத்தவரின் காலடி மண்ணை எடுக்கிறாள். அவரோ, கிழவி காலைத் தொட்டுக் கும்பிடுகிறாள் என்று நினைத்துவிட்டார். நெகிழ்ந்துபோய் அவள் தலைமேல் கையை வைத்தார். என்னிடம் ஹிந்தியில், “ஆசீர்வாதம் வேண்டுமாமா?” என்று கேட்டார்.

“ஹவ் சாப்” என்று ஆமாம் போட்டேன். வேறென்ன சொல்லச் சொல்கிறீர்கள்?

மேடத்துக்கு எல்லாம் தெரியும். தெலுங்குக்காரர் வீட்டில் திருஷ்டி கழிக்க மாட்டார்களா? ஆனால் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டார். (அவரை மட்டும் இந்தக் கதையில் யாரும் கிண்டல் செய்வதில்லை. ஏன்?)

அத்தை அந்த மண்ணோடு உப்பும் ஒரு கை காய்ந்த மிளகாயும் சேர்த்து ஆட்டைச் சுற்றினாள், குட்டிகளைச் சுற்றினாள், எரிகிற அடுப்பில் கொட்டினாள். கண்ணு பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது, படாவிட்டால் நெடி தூக்கும் என்பது எங்கள் கணக்கு.

தூக்கியது. அப்படியொரு நெடியை என் ஆயுளில் பார்த்ததில்லை. ஆடே தும்மியது. அதிகாரி இருமி இருமி, சிவந்த கண்ணில் தண்ணீர் கொட்ட, மூச்சுத் திணறி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அத்தை முகத்தில் விளக்கு எரிந்தது. “நெடி வருதுடா செல்வம்! இவருக்குக் கண்ணே இல்லடா! தங்கமான மனுசன்டா!” என்று கத்தினாள். மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தடவை தெலுங்கிலேயே, ஒவ்வொரு ஈற்றும் மூன்று, இதன் தாயும் அப்படித்தான் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். தானே ஆட்டின் கழுத்தை நிமிர்த்திப் பிடித்து, “எவ்ளோ ரத்தம் வேணுமோ எடுத்துக்கோம்மா” என்றாள்.

திரும்பி வரும்போது ஜீப்பில் ஈரக் கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றியபடி அதிகாரி ஒன்று கேட்டார். “இந்த அம்மா பொய் சொன்னாள் என்றால், மற்ற வீடுகளில் சொன்ன கணக்கு?”

மேடம் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அத்தனை வீடுகளும் வரிசையாக என் கண்முன் வந்து, “ஒண்ணு” என்று சொல்லிவிட்டுப் போயின.

“இந்த ஆளை எங்கே பிடித்தீர்கள்?” என்றார் அதிகாரி. என் பர்மனென்ட், வழியில் வந்த லாலாகூடா பாலத்தடியில் விழுந்து நொறுங்கியது மாதிரி இருந்தது.

இப்போது சொல்லுங்கள், இதில் என் குற்றம் என்ன? ஒளித்தது அத்தை. எண்ணியது அதிகாரி. தெரிந்தும் சிரித்தது மேடம். ஆனால் கல்யாணப் பந்தியில் கோமாளி நான்! இன்றும் அதே ஆபீஸில்தான் இருக்கிறேன். எனக்கு மூன்று பிள்ளைகள். எத்தனை குழந்தைகள் என்று யாராவது கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் மூன்றும் ஒரே குரலில் கத்துகின்றன: “ஒண்ணுதான், அதுவும் நோஞ்சான்!” தமிழில் சாதம் கேட்கத் தெரியாத பிள்ளைகள், இதை மட்டும் சுத்தமாகச் சொல்கிறார்கள்.

அத்தை வீட்டுக்குப் போய் வந்த மறுநாள் காலை மேடம் என்னைக் கூப்பிட்டார். எல்லா வீட்டுக்கும் முதலிலிருந்து திரும்பப் போக வேண்டியிருப்பதால், ஆள் தேவை என்று எழுதி என் வேலையை இன்னும் ஒரு வருஷம் நீட்டியிருப்பதாகச் சொன்னார். பிறகு, வீட்டுக்கு ஒரு கை என்று கணக்குப் போட்டு, கடைக்குப் போய் ஒரு கிலோ காய்ந்த மிளகாய் வாங்கி வரச் சொன்னார். ஆபீஸ் பெயரில் பில் கேட்டு வாங்கச் சொன்னார்.