முன் இடது சக்கரம்

இது நடந்தது புதன்கிழமையா வியாழக்கிழமையா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. கார் மஞ்சள் என்கிறேன்; ஆரஞ்சு என்று சத்தியம் செய்பவர்களும் இருக்கிறார்கள். மனிதர்கள் பேசியதைவிடப் பேசாமல் நின்ற நேரங்கள்தான் என் மனதில் தங்குகின்றன. அதனால் வசனங்கள் கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம். ஆனால் கீறல் முன்பக்கத்து இடது சக்கரத்தில் இருந்தது. அதில் சந்தேகமே இல்லை.

கிடங்குக்காரர் தெருமுனையில் குந்தி உட்கார்ந்து அந்தக் கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாண் நீளம். அலாய் வீலின் விளிம்பை யாரோ கடித்துத் துப்பியது போல் இருந்தது.

கார் அவருடையது அல்ல. அவர் மனைவியின் அண்ணனுடையது. மச்சான் தரை ஓடு வியாபாரி. ஊருக்கே தரை போட்டவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்வார். அந்த ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டு பேர்தான் உட்காரலாம். மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் போகும் என்றார்கள். மச்சான் அதைக் கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இரண்டாவது கியரில் ஓட்டி வந்தார்.

மச்சானின் கிடங்கில் பதினோரு வருடமாகத் தரை ஓட்டுப் பெட்டிகளை அடுக்குகிறவர் நம் கிடங்குக்காரர். புதிதாகத் திறக்கப்போகும் கிளைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி மூன்று மாதமாக வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தது. போட்டியில் இருந்தது இன்னொரு தங்கையின் கணவர், அதாவது சகலை. மச்சான் எதைச் சொன்னாலும் சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டிவிடுகிற திறமை அவருக்கு இருந்தது.

மச்சான் மனைவியோடு பத்து நாள் வெளிநாடு கிளம்பினார். கிளம்புகிற அன்று தானே காரை ஓட்டிவந்து, கிடங்குக்காரரின் வீட்டுக் கொட்டகையில் பின்பக்கமாக ஏற்றி நிறுத்தினார். இடதுபக்கச் சுவருக்கும் காருக்கும் நடுவே எறும்பு போவதென்றால்கூட ஒருக்களித்துத்தான் போகவேண்டும். என்ன கைத்திறமை என்று கிடங்குக்காரர் வியந்தார்.

"தினமும் பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிடு மாப்ளே. வெளிய எடுக்காத. அந்த வீல்ல ஒரு கீறல் விழுந்துதுன்னா, நாளைக்கு ஒரு கிளையையே நம்பி உன்கிட்ட எப்படிக் கொடுக்கிறது? நீயே சொல்லு."

"கரெக்ட் மச்சான்," என்றார் வழியனுப்ப வந்திருந்த சகலை. கேள்வி அவரிடம் கேட்கப்படவில்லை.

இரண்டு நாள் கொட்டகைக்குள்ளேயே இன்ஜின் உறுமியது. மூன்றாம் நாள் மனைவி வந்து நின்றார்.

"ஏங்க, சமையலறை பூரா புகை. சோறுகூடப் பெட்ரோல் வாசம் அடிக்குது. அத வெளிய கொண்டுபோய் உறும விடுங்க."

"உங்க அண்ணன் எடுக்கக் கூடாதுன்னாரு."

"அப்ப எங்க அண்ணனையே வந்து இந்தச் சோத்தைத் தின்னச் சொல்லுங்க."

தெருமுனை வரை போய்த் திரும்புவதென்று முடிவானது. வாசல் தாண்டி இடதுபக்கம் திரும்பியதும் கரகரவென்று ஒரு சத்தம். தெருமுனைச் சாக்கடையோரம் சத்தம் நின்றது. இறங்கிச் சுற்றிவந்து பார்த்தார். அங்கேதான் நாம் அவரை உட்கார்ந்த நிலையில் பார்த்தோம்.

வீடு திரும்பியதும் மனைவி கேட்டார், "கொட்டகையில இருந்த குப்பை அள்ளுற தகரத்தைப் பாத்தீங்களா?"

"என் வாழ்க்கையே குப்பையாப் போச்சு, உனக்குத் தகரம் கேக்குதா?"

விஷயத்தைச் சொன்னார். மனைவி சக்கரத்தைப் பார்த்தார். இருவரும் நெடுநேரம் பேசவில்லை. திருமணமான புதிதில் இப்படி ஒருமுறை பேசாமல் இருந்திருக்கிறார்கள். அப்போது காரணம் வேறு.

"பல்பசை போட்டுத் தேய்ச்சா போகும்ங்கிறாங்க," என்றார் மனைவி.

தேய்த்தார்கள். சுற்றியிருந்த அழுக்கு போனது. கீறல் முகம் கழுவிப் பளிச்சென்று நின்றது.

அடுத்த நாள் பெயின்ட் கடையில் வெள்ளி நிறம் கேட்டார். கடைக்காரர் பதினேழு வெள்ளிகளைக் காட்டினார். பதினெட்டாவதாக ஒரு வெள்ளி உண்டு, அது அலாய் வீலில் மட்டும் இருக்கிறது என்பது பூசிய பிறகுதான் தெரிந்தது. இப்போது சக்கரம் தாடையில் பிளாஸ்திரி ஒட்டியதுபோல் இருந்தது.

வேறு வழியில்லாமல், எடுக்கக் கூடாத காரை இரண்டாம் முறையாக எடுத்துச் சக்கர மேஸ்திரியிடம் போனார். மேஸ்திரி சக்கரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பேசுவதற்கு முன் மேஸ்திரி எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு டயரே மாற்றிவிடலாம்.

"கீறல் ஒண்ணும் பெரிசில்ல," என்றார் கடைசியில். "அது மேல எந்தப் புண்ணியவான் பெயின்ட் அடிச்சது?"

"தெரியலியே."

மேஸ்திரி அவர் விரல் நகங்களில் இருந்த வெள்ளியைப் பார்த்துவிட்டு, மறுபடி மௌனத்துக்குப் போனார்.

பழைய பூச்சைச் சுரண்டி, விளிம்பை நிரப்பி, தேய்த்து, புதுப் பூச்சு அடித்து, சூளையில் வைத்து எடுத்து மாட்டினார். அற்புதமான வேலை. நான்கு சக்கரத்தில் ஒன்று மட்டும் தங்கப்பல் கட்டியதுபோல் மின்னியது.

"மத்த மூணும் பழசாத் தெரியுதே."

"பழசுதானே சார்."

"அதையும் பண்ணிடுங்க."

என்ன செலவானது என்று அவர் மனைவியிடமே சொல்லவில்லை. எனக்கு மட்டும் சொல்வாரா? நான்கு சக்கரங்களும் கல்யாண மாப்பிள்ளைபோல ஜொலித்தன. அவர் கொஞ்ச நேரம் மகிழ்ச்சியாக நின்றார். பிறகு முகம் கறுத்தது.

"மேஸ்திரி, பாத்ததும் கண்டுபிடிச்சிடுவாரு. கொஞ்சம் பழசாக்க முடியுமா?"

இந்த மௌனம் முந்தையதைவிட நீளம்.

"அழுக்காக்கலாம்," என்றார் மேஸ்திரி. பிரேக் தூளையும் எண்ணெயையும் குழைத்து இருவரும் நான்கு சக்கரங்களிலும் பூசினார்கள். புதுசாக்கச் செய்த வேலையை மறைக்க அதே அளவு வேலை தேவைப்பட்டது.

அப்போது கிடங்குக்காரருக்கு இன்னொன்று நினைவு வந்தது. பின்பக்க வலது சக்கரத்தில் அரிசி அளவுக்கு ஒரு வடு இருந்தது. நெடுஞ்சாலையில் கல் தெறித்ததாம். அந்தக் கல்லைப் பற்றி மச்சான் கலந்துகொண்ட விருந்துகளில் எல்லாம் பேசியிருக்கிறார். அந்த வடுவும் இப்போது இல்லை.

"ஒரு சின்னக் கீறல் போடணும்."

மேஸ்திரி எழுந்து நின்றார். "சார், முப்பது வருஷமாக் கீறல் எடுக்கறேன். போடச் சொல்லி வந்த முதல் ஆள் நீங்கதான். எனக்குக் கை வராது."

உளியை வாங்கி அவரே போட்டார். முதலில் வந்தது கோதுமை அளவு. திருத்தப்போய்ப் பேரீச்சங்கொட்டை அளவானது. கடைசியில் மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு அதைக் குறைத்துக் கொடுத்தார்.

காரைப் பழைய இடத்திலேயே, சுவரோடு ஒட்டி நிறுத்துவதற்கு மட்டும் ஒரு மணிநேரம் ஆனது. மனைவி கையில் விளக்குமாற்றோடு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று வழிகாட்டினார். குப்பை அள்ளும் தகரம் இன்னும் கிடைக்கவில்லை என்பதையும் நடுவில் ஒருமுறை சொன்னார்.

பத்தாம் நாள் மாலை, விமான நிலையத்திலிருந்து மச்சானும் அவர் மனைவியும் நேராக இங்கேயே வந்தார்கள். கூடவே சகலை. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்ததால் பாதித் தலைதான் ஆட்ட முடிந்தது.

மச்சான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "காரை வெளிய எடு மாப்ளே. எல்லாரும் வாங்க, எல்லார் முன்னாலயும் பாத்துக்குவோம்."

கார் வெளியே வந்தது. மச்சான் கதவைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்க்கவில்லை. நேராக முன்பக்க இடது சக்கரத்திடம் போய்க் குந்தினார். சகலையும் குந்தினார். கிடங்குக்காரரின் மனைவி கணவரின் சட்டையைப் பின்னால் இருந்து பிடித்துக்கொண்டார்.

மச்சான் கைக்குட்டையால் விளிம்பைத் துடைத்தார். நகத்தால் சுரண்டினார். சக்கரத்தைச் சுற்றி விரலை ஓட்டினார். எழுந்து மற்ற மூன்றையும் பார்த்தார். வலது பின்சக்கரத்தில் அரிசி அளவு வடு இருந்தது. திரும்பி வந்து மறுபடி முன்னால் குந்தினார். அந்த மௌனத்தை நான் சக்கர மேஸ்திரியிடம்கூடப் பார்த்ததில்லை.

"வெளிய எடுக்கவே இல்லியா?"

"சாவியைத் திருகினதோட சரி மச்சான்."

"கை வைக்கல?"

"சத்தியமா."

மச்சானின் முகத்தில், திருட்டுப்போன வீட்டுக்காரனின் களை வந்தது. சகலை எந்தப் பக்கம் தலையாட்டுவதென்று தெரியாமல் விழித்தார்.

வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மச்சானின் மனைவி, பயணக் களைப்பில் கொட்டாவி விட்டபடி கேட்டார்:

"என்னங்க அப்படித் தேடுறீங்க? கிளம்புற அன்னைக்கு நடைபாதையில இடிச்சிட்டு, செவுத்தோட ஒட்டி நிறுத்திட்டா ஒருத்தருக்கும் தெரியாதுன்னீங்களே, அந்தக் கீறலையா?"

புதுக்கிளை இப்போது கிடங்குக்காரர் பொறுப்பில் இருக்கிறது. சகலை கிடங்கில் ஓட்டுப் பெட்டி அடுக்குகிறார். மச்சான் காரை விற்றுவிட்டார். தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவர் மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். மேஸ்திரி கடைப் பலகையில் 'கீறல் எடுக்கவும் போடவும்' என்று எழுதிவைத்திருக்கிறார். குப்பை அள்ளும் தகரம் அடுத்த மாதம் தெருமுனைச் சாக்கடையைத் தூர்வாரியபோது கிடைத்தது. அப்பளமாக நசுங்கி, காரின் அடிப்பாகத்துக் கறுப்பு அப்பியிருந்தது.