நாகமுத்து உல்லாசக் கப்பலேறிய கதை

இனிமேல் ஜெயிலுக்குப் போவதில்லை என்று நாகமுத்து முடிவெடுத்தார்.

தப்பாக நினைக்க வேண்டாம். நாகமுத்து யாரையும் அடித்ததில்லை, திருடியதில்லை. போர்ட் பிளேர் மின்சார இலாகாவில் குமாஸ்தா. ஊருக்குள்ளேயே டாலிகஞ்சில் சொந்த வீடு உண்டு. அதில் முடிவுகளை எடுப்பது மனைவி ஷோபனா. நாகமுத்து செய்த ஒரே குற்றம் அந்தமானில் குடியிருந்ததுதான். கோடை விடுமுறை விட்டால் போதும், மெயின்லேண்டிலிருந்து சொந்தபந்தம் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிவிடும். முகம் கழுவுவதற்கு முன் கேட்கிற முதல் கேள்வி, "ஜெயில் எங்க இருக்கு?" வெள்ளைக்காரன் காலத்து அந்தப் பழைய ஜெயிலை நாகமுத்து லீவு போட்டுவிட்டுக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். சாயங்காலம் அங்கே நடக்கும் ஒலி ஒளிக் காட்சியில் குரல் கரகரத்து நின்றால், அடுத்த வரியை இவரே எடுத்துக் கொடுப்பார். அந்த அளவுக்கு மனப்பாடம்.

இந்த வருஷம் ஷோபனாவின் அண்ணன் ராஜமாணிக்கம் பரமக்குடியிலிருந்து குடும்பத்தோடு வருவதாகப் போன் செய்திருந்தார். நாகமுத்து சுறுசுறுப்பானார்.

"ஷோபனா, கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. உன்னை ஒரு உல்லாசக் கப்பல்ல கூட்டிட்டுப் போகணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை."

"தீவுல இருந்துக்கிட்டுக் கப்பலா? பஸ் டிரைவர் லீவு போட்டுட்டு பஸ்ல சுத்துன மாதிரில்ல இருக்கு."

"இது வேற கப்பல். சென்னைல போய் ஏறணும். நீச்சல்குளம் உண்டு, பாட்டு, டான்ஸ் உண்டு. உனக்குச் சமையல் கிடையாது."

ஷோபனா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நெசமாவா? மூணு வேளையும் கப்பல்காரனே போட்டுடுவானா? எத்தனை பேரு வந்தாலும்?"

"எத்தனை பேரு வந்தாலும்."

"அப்ப டிக்கெட்ட நானே போடுறேன். எங்க போறோம்னு கேக்கக் கூடாது. சர்ப்ரைஸ்."

அந்த இடத்தில் நாகமுத்துவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மனிதர் அப்போது சந்தோஷத்தில் இருந்தார். கப்பல் எங்கே போனால் என்ன? டாலிகஞ்ச் வீட்டில் பூட்டுத் தொங்கினால் சரி.

விமானத்தில் சென்னைக்குப் போனார்கள். துறைமுகத்தில் வரிசையில் நின்றபோது தோளில் ஒரு கை விழுந்தது.

"மாப்ள!"

திரும்பினால் ராஜமாணிக்கம். பின்னால் அவர் மனைவி அகிலா, பிள்ளைகள் மூன்று பேர், முறுக்கு டின் ஒன்று.

"மச்சான்... வழியனுப்பவா வந்தீங்க?"

"வழியனுப்பவா? நாங்களும் வர்றோம்ல! தங்கச்சிதான் எல்லாருக்கும் சேத்து டிக்கெட் போட்டுச்சு. ஒங்களுக்குத் தெரியாதா?"

"அண்ணே, அவருக்கு எல்லாமே சர்ப்ரைஸ்" என்றாள் ஷோபனா.

நாகமுத்து மனதைத் தேற்றிக்கொண்டார். தெரியாத ஊருக்குப் போனால் மச்சானும் ஒன்றுதான், மாப்பிள்ளையும் ஒன்றுதான். எவனும் எவனுக்கும் ஊர் காட்ட வேண்டாம்.

கப்பல் கிளம்பியது. அறையில் அழகான திரைச்சீலை தொங்கியது. விலக்கிப் பார்த்தால் சுவர். நீச்சல்குளம் டாலிகஞ்ச் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதில் இடமிருந்த இடத்திலெல்லாம் குழந்தைகள். பிடித்த அன்றே குழம்பில் கொதிக்கிற மீனைத் தின்று வளர்ந்த வாய்க்கு, எந்தக் காலத்திலோ உறைந்துபோன ஒரு மீனை ரொட்டித் தூளில் புரட்டிக் கொடுத்தார்கள். மேல்தளத்தில் எல்லோரும் "கடல்! கடல்!" என்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாகமுத்து பார்த்தார். ஆபீஸ் ஜன்னலைத் திறந்தாலும் இதே கடல்தான். அங்கே பார்ப்பதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள்.

மூன்றாம் நாள் காலை ஒலிபெருக்கி கொஞ்சியது. மரகதத் தீவுகள் வருகின்றனவாம். மனிதக் கால் படாத கடற்கரைகளாம். நாகமுத்து ஆசையோடு ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தார். பச்சைப் பசேலென்று மலை. கீழே ஒரு மரம் அறுக்கும் ஆலை. அதன் பக்கத்தில் சாய்ந்தபடி ஒரு மின்கம்பம். அதை நிமிர்த்தச் சொல்லிக் கோப்பு எழுதியவரே இவர்தான்.

"ஷோபனா! இது நம்ம ஊருடி!"

"ஆமாங்க. தூரத்துல இருந்து பாத்தா நல்லாத்தான் இருக்கு."

"ஏன்டி இப்படிப் பண்ணுன?"

"அண்ணன் அந்தமான் பாக்கணும்னுச்சு. வீட்டுல வந்து தங்குனா பதினஞ்சு நாளைக்கு நான் இட்லி ஊத்தணும். கப்பல்ல வந்தா கப்பல்காரன் ஊத்துறான். படுக்கை, பாத்ரூம் எல்லாம் அவன் பொறுப்பு. ஊரச் சுத்திக் காட்டுறது மட்டும்தான் நம்ம பொறுப்பு."

"நம்ம பொறுப்பா?"

"ஒங்க பொறுப்பு."

கீழே கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் ராஜமாணிக்கம் காத்திருந்தார். அவரைச் சுற்றித் தொப்பி போட்ட ஒரு கூட்டம். கப்பலில் பந்தியில் பழக்கமானவர்களாம்.

"நம்ம மாப்ள இந்த ஊருக்காரரு. கைடுக்கெல்லாம் எதுக்குத் தண்டமா அழணும்னு நாந்தான் கூட்டிட்டு வந்தேன். மாப்ள, மொதல்ல ஜெயில்தானே?"

நாகமுத்து பரிதாபமாக மனைவியைப் பார்த்தார். அவள் உள்ளங்கையை நீட்டினாள்.

"வீட்டுச் சாவியக் குடுங்க."

"நீ வரலையா?"

"வீட்டுல விருந்தாளி இல்ல, அடுப்பு இல்ல, நீங்களும் இல்ல. இந்த இருபத்தஞ்சு வருஷத்துல இப்படி ஒரு நாள் எனக்குக் கெடைச்சதே இல்லைங்க."

சாவி கைமாறியது. ஆட்டோ டாலிகஞ்ச் பக்கம் பறந்தது. அழலாமா என்று நாகமுத்துவுக்குத் தோன்றியது. தொப்பிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டார்.

ஜெயில் வாசலில் காவலாளி அவரைப் பார்த்ததும் எழுந்தே நின்றான்.

"அரே நாகமுத்து பாய், ஃபிர் ஆ கயா?"

மறுபடியும் வந்துவிட்டாயா என்று அவன் கேட்டதில் உண்மையான இரக்கம் இருந்தது. நாகமுத்து தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். வெயிலில் எல்லாப் படியும் ஏறினார், எல்லா அறையும் காட்டினார். மியூசியம் காட்டினார், கடற்கரை காட்டினார், இளநீர்க் கடை காட்டினார். தொப்பிக்காரர் ஒருவருக்குக் கழிப்பறையும் காட்டினார்.

பொழுது சாய்ந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி நொண்டிக்கொண்டே ஜெட்டிக்கு வந்து சேர்ந்தபோது, ஷோபனா தலைக்குக் குளித்து, பூ வைத்து, தூங்கித் தெளிந்த முகத்தோடு கப்பல் படியருகே நின்றிருந்தாள்.

"ஊரு எப்படிங்க இருந்துச்சு? எனக்குத்தான் பாக்கக் குடுத்து வைக்கல."