செத்தவீட்டு மிஸ்ஸும் நீல மண்டபமும்

யாழ்ப்பாணத்தில் நிமிர்ந்து நிற்கிற எந்தக் கட்டடத்தையும் உயிருள்ளதென்று ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் செத்தவீட்டு மிஸ். பட்டம் நாங்கள் வைத்தது. வெள்ளமும் புயலும் கடல் உப்பும் கட்டடங்களையும் பாலங்களையும் என்ன செய்யும் என்று மதிப்பிட, பொறியியலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் அவர். நாங்களோ தலை நரைத்த அரசாங்கப் பொறியியலாளர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்காகவே செயலமர்வுக்குப் போகிற கூட்டம்.

முதல்நாளே வகுப்பறைக் கூரையை அண்ணாந்து பார்த்தார். கதிரையை வாசலடிக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "விருப்பமெண்டா நீங்கள் உள்ளுக்கை இருங்கோ" என்றார். அன்று எல்லோரும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றபடியே சாப்பிட்டோம்.

தெல்லிப்பழையில் எங்களோடு வேலைசெய்யும் ஒருவரின் குடிபூரலுக்கு மிஸ்ஸையும் மரியாதைக்குக் கூப்பிட்டார்கள். புதுவீடு பார்க்கப் போனவர் எல்லோரையும்போல் சாமியறையைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். பலகாரத் தட்டோடு மொட்டை மாடிக்கு ஏறினார். இறங்கி வந்து வீட்டுக்காரியின் கையைப் பிடித்து, "வடிவான வீடு. ஆனா மேலை தண்ணி ஓட வழியில்லை. மகளின்ரை கலியாணத்துக்கு முன்னம் கம்பி கறள் பிடிச்சிடும்" என்றார். வீட்டுக்காரி பலகாரத் தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

பாடம் நடத்துகிற முறையும் இப்படித்தான். ஒவ்வொரு கட்டடத்துக்கும் நாங்கள் மரண அறிவித்தல் எழுதவேண்டும், பத்திரிகையில் வருகிற அதே நடையில். எங்கள் குழு உற்சாகமாக எழுதியது: "வயல்வெளியைப் பிறப்பிடமாகவும் வெள்ளவாய்க்காலை வதிவிடமாகவும் கொண்ட திருவாளர் நெற்களஞ்சியம் அவர்கள் அகால மரணமடைந்தார்."

மிஸ் வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "வாய்க்காலுக்குள்ளை கட்டினது செத்தா அது அகால மரணமே? எதாலை செத்தது எண்டு எழுதுங்கோ. அண்டைக்கு ஆர் ஆர் உள்ளுக்கை இருப்பினம் எண்டும் எழுதுங்கோ."

கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதும்போது எங்கள் பகிடி அடங்கிவிடும்.

களப்பயிற்சிக்கு மயிலிட்டிக்கு அப்பால் ஒரு மீன்பிடிக் கிராமத்துக்குக் கூட்டிப்போனார். பெயர் வேண்டாம். கடலோரத்தில் அங்கே ஒரு மண்டபம். காற்று மழை என்றால் சனம் முழுக்க அதற்குள்தான் ஒதுங்கும். மிஸ் ஒரு தூணைச் சுத்தியலால் தட்டினார். சீமெந்து பொலபொலவென்று உதிர்ந்து, உள்ளே இருந்த கம்பி துருவேறிக் கறள்தூளாகக் கையோடு வந்தது. மண்டபத்தைப் பூட்டுகிற திறப்பை வைத்திருந்த அந்தோனி அண்ணைக்கு ஒரே சிரிப்பு.

"மிஸ், உது நான் இளந்தாரியா இருக்கேக்கை கட்டினது. என்னைப்போலை உறுதி."

"அண்ணை, நீங்கள் கடலாலை வந்து நல்ல தண்ணியிலை குளிக்கிறியள். உது இவ்வளவு காலமும் உப்பைக் கழுவாமலே நிக்குது."

மண்டபத்தை உடனே மூடவேண்டும் என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. பலன் கிடைக்காமல் இல்லை. மண்டபத்துக்கு நீல வர்ணம் அடித்தார்கள். வெடிப்புகள் மறைந்துபோயின.

"பிரேதத்துக்குப் பவுடர் போட்டிருக்கினம்" என்றார் மிஸ்.

மாரி நெருங்கிக்கொண்டிருந்தது. மிஸ் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். பெரிய அதிகாரிகள் பின்கதவால் நழுவினார்கள். புயல் வருகிறதென்று ஒருநாள் வானொலி சொன்னது. மத்தியானமே கரையோரச் சனம் பையும் பாயுமாக நீல மண்டபத்துக்கு நடக்கத் தொடங்கிவிட்டது. மிஸ் என்னைப் பிடித்து என் வாகனத்தில் ஏறினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை சாய்த்து அடித்தது. வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்து நின்றார்.

"வழியை விடுங்கோ மிஸ். பிள்ளையள் நனையுது" என்றார் அந்தோனி அண்ணை.

"நனைஞ்சா துடைக்கலாம் அண்ணை. எல்லாரும் கரையை விட்டுத் தள்ளியிருக்கிற பள்ளிக்கூடத்துக்கு வாங்கோ."

"விசரி! முழங்காலளவு தண்ணிக்குள்ளாலை நடக்கச் சொல்லுறாள்!" என்று ஒரு பெண் கத்தினாள். மிஸ் அவள் இடுப்பிலிருந்த குழந்தையை லபக்கென்று பறித்து, தோளில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்தார். தாய் ஏசிக்கொண்டே பின்னால் ஓடினாள். தாயைப் பிடிக்க அவள் சொந்தக்காரர் ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊரே வந்தது. அந்த மழையிலும் எனக்குச் சிரிப்பு வந்ததை இப்போது நினைத்தால் நெஞ்சு கூசுகிறது.

"மண்டபத்துக்குள்ளை கிடக்கிற வலையளை மேலை தூக்கி வைச்சிட்டு வாறன், நீங்கள் நடவுங்கோ" என்றார் அந்தோனி அண்ணை.

அவர் வரவில்லை. பள்ளிக்கூடத்து வாசலில் நின்று நாங்கள் கேட்டது இடிச்சத்தமல்ல, மண்டபம் விழுந்த சத்தம்.

செத்தவீட்டில் அந்தோனி அண்ணையின் மனைவி மிஸ்ஸின் கையைப் பிடித்து, "என்ரை பேரப்பிள்ளையள் உங்களாலைதான் இருக்குதுகள்" என்று அழுதார். ஊர்ச்சனமும் அதையேதான் சொன்னது. திரும்பி வரும் வழியில் மிஸ் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தாளின்ரை கையைப் பிடிச்சு இழுத்திருக்கோணும்."

"மற்ற எல்லாரும் இருக்கினம் மிஸ்."

"அது எனக்குத் தெரியும். நீங்கள் றோட்டைப் பாருங்கோ."

இன்றைக்கும் அவர் பயிற்சி கொடுத்துத் திரிகிறார், தூண் தூணாகத் தட்டிக்கொண்டு. வானம் இருண்டால் என் கை தானாகவே போனை எடுக்கிறது. "எங்கை நிக்கிறியள் மிஸ்? எந்தக் கட்டடத்துக்குள்ளை?" என்று கேட்பேன். "உங்களுக்கு வேறை வேலை இல்லையே?" என்று ஏசுவார். ஏசட்டும். அந்த ஏச்சைக் கேட்ட பிறகுதான் நான் என் வீட்டு யன்னலைப் பூட்டுவேன்.