நஞ்சை, புஞ்சை, ஒரு ஹார்டு டிஸ்க்

ஏம்பலம்,
வியாழன் சாயங்காலம்

பெருமதிப்பிற்குரிய மணிபாரதி மாமாவுக்கு,

தங்கள் மைத்துனன் தமிழ்க்குமரன் தலைசீவிக்கொண்டு எழுதும் மின்னஞ்சல். இங்கு நாங்கள் நலம், மாடும் நலம். அங்கு நீங்களும் கல்பனா அக்காவும் அக்காவின் கோபமும் நலமா? நிற்க. நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து படிக்கவும். நம்ம ஊர் வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு பாகப்பிரிவினை அடிதடி இல்லாமல் நடந்தேறியது என்பதைப் பேருவகையுடன் அறிவிக்கிறேன். நீங்கள் கூரியரில் அனுப்பிய ஹார்டு டிஸ்க்கைத்தான் சொல்கிறேன்.

அக்காவின் லேப்டாப்பைத் தவளக்குப்பம் பாக்யராஜ் அண்ணன் கடையில் கொடுத்து முழுக்கத் துடைத்துப் புதிதாக்கும் முன், அதில் உள்ளதையெல்லாம், முக்கியமாக உங்கள் கல்யாண வீடியோவை, அப்படியே நகல் எடுக்க வேண்டும், லேப்டாப் படுத்துக்கொண்டாலும் அந்த நகலிலிருந்தே எழுந்து ஓட வேண்டும், செய்து காட்டினால் லேப்டாப் உனக்கே என்றீர்களே, செய்துவிட்டேன் மாமா! டிஸ்க்கை இரண்டு பார்ட்டிஷன் போடப்போகிறேன் என்றதுமே அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஒங்க சித்தப்பனுக்கும் எனக்கும் கரும்புக் கொல்லய பிரிச்சப்ப பட்டது போதாதா? நடுவுல வரப்பு வுட்டியா?"

"வரப்ப அதுவே போட்டுக்கும்பா."

"அதுவே போட்டுக்குமா? அப்ப ராவோட ராவா அதுவே நவுந்துக்கும்டா!"

அவர் மனம் குளிர, நகலுக்கான பெரிய பாகத்துக்கு நஞ்சை என்றும், அம்மாவின் கோலப் படங்களுக்கான சின்ன பாகத்துக்குப் புஞ்சை என்றும் பெயர் சூட்டி, லேப்டாப் மொத்தத்தையும் நஞ்சையில் நட்டேன். முடிந்தது என்று பச்சையில் வந்தது. கீழே சிவப்பிலும் ஏதோ நாலு வரி வந்தது. வெற்றி வீரனுக்கு விரிக்கும் சிவப்புக் கம்பளமாக இருக்கும் என்று மூடிவிட்டேன்.

அடுத்தது அரங்கேற்றம். நகலிலிருந்து எழுப்பிக் காட்டலாம் என்று டிஸ்க்கை வயரில் மாட்டிவிட்டு உட்கார்ந்தால், "ராகு காலம்டா, செத்த பொறு" என்று அம்மா தடுத்துவிட்டாள். பொறுத்தேன். அது முடிந்ததும் வந்து லேப்டாப்பை அணைத்துவிட்டு, "ஐயோ, செத்துப்போச்சும்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"அடப்பாவி, ஒங்க அக்கா கல்யாணம் அதுலதானடா கீது! வீடியோ எடுத்தவன் கடயவே மூடிக்கினு பூட்டானேடா!"

அம்மாவின் கண்ணில் நீர் எட்டிப்பார்த்த நொடியில் பட்டனை அமுக்கினேன். எழுந்தது மாமா! உங்கள் கல்யாணம் ஓடியது! நீங்கள் மூன்றாவது முடிச்சில் முழித்த இடத்தில் அப்பா கைதட்டினார்.

"இன்னாடா இது, செத்தத எழுப்புற?"

"பூட்டு போட்டா தூங்கும், பூட் பண்ணா எழுந்துக்கும்பா!"

அதே சூட்டோடு லேப்டாப்பைத் தவளக்குப்பம் கொண்டுபோனேன். "எல்லாத்தயும் எடுத்துட்டியா தம்பி? தொடச்சா தொடச்சதுதான்" என்றார் பாக்யராஜ் அண்ணன். "கண்ண மூடிக்கினு தொடைங்கண்ணா" என்றேன். நாளை காலை கடை திறந்ததும் அதுதான் முதல் வேலையாம்.

அக்காவுக்கு அன்பு, உங்களுக்கு வணக்கம், எனக்கு லேப்டாப்.

இரு கையையும் நீட்டிக் காத்திருக்கும்,
கம்ப்யூட்டர் கலாநிதி தமிழ்க்குமரன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்றே எழுதிவிட்டேன். அழிக்க மனசு வரவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. சாமி அலமாரியைத் துடைக்கப் போன அம்மா, "தம்பி, ஒன் நஞ்ச இங்கயே கெடக்குது பாரு" என்று கூப்பிட்டாள். நல்லபடியாக எழுந்திருக்கட்டும் என்று ராகு காலத்திலேயே டிஸ்க்கை உருவிக்கொண்டு போய், மாரியம்மன் படத்தடியில் வைத்து மஞ்சள் குங்குமம் இட்டிருக்கிறாள். நான் அழுது நடித்த மும்முரத்தில் வயரின் மறுமுனையைப் பார்க்கவேயில்லை. ஆக, நேற்று எழுந்தது நகல் இல்லை மாமா. லேப்டாப் தினமும் எழுவதுபோலத் தன் பாட்டுக்கு எழுந்திருக்கிறது. நஞ்சையில் என்ன விளைந்திருக்கிறது என்று சத்தியமாகத் தெரியாது. அந்தச் சிவப்பு வரிகள் வேறு இப்போது கண்முன் வருகின்றன. உங்களுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. அக்காவுக்கு அடிக்கத் துணிச்சல் இல்லை. பாக்யராஜ் அண்ணன் நம்பர் உங்களிடம்தான் இருக்கிறது. நான் சைக்கிளை மிதிக்கக் கிளம்பிவிட்டேன். முதலில் அவருக்குப் போன் போட்டுக் கையை நிறுத்தச் சொல்லுங்கள், என்னை அப்புறம் திட்டிக்கொள்ளலாம். அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். லேப்டாப்கூட வேண்டாம் மாமா.