கப்பலை இழுத்துவந்த குற்றம்

சட்டவிரோத மீன்பிடிப்பை எதிர்த்துப் போராடியவர்கள் உலகில் பலர் உண்டு. ஒருமுறைகூடக் கால் நனையாமல் போராடிய மாவீரர் ஹமீது தரவாலி ஒருவரே. சியரா லியோன் கரையில், கொம்பே என்னும் ஊரில், அவர் கடலோரக் காவல் அதிகாரி. கடலோரம் என்பதில் 'ஓரம்' இருக்கிறது அல்லவா? அந்த ஓரத்தை விட்டு அவர் ஓரடி நகர்ந்ததில்லை. பதவியின் பெயருக்கு இத்தனை விசுவாசமாக நடந்துகொண்ட அதிகாரியை அவருடைய துறை அதற்கு முன் கண்டதில்லை.

தோணிக்காரர்களுக்கென்று சட்டம் ஒதுக்கிய கரைக்கடலில் வெளிநாட்டு டிராலர்கள் பட்டப்பகலில் புகுந்து மேயும். ரோந்துப் படகுக்கு டீசல் வராததால் ரோந்து 'மனதளவில்' நடந்தது. ஹமீது தூரநோக்கியை எடுத்து அந்தக் கப்பல்களை முறைப்பார். முறைப்பு மிகக் கடுமையாக இருந்தால், சில கப்பல்கள் மடி நிறைந்ததும் திரும்பிப் போய்விடும். அதை அவர் வெற்றி என்று கருதினார்.

மழைக்காலம் ஓய்ந்ததும் துறைமுகப் பாலத்தில் பந்தல் போட்டு ஒரு மாபெரும் கலந்துரையாடல் நடத்தினார். தலைப்பு: 'அந்நியக் கப்பல்களைப் பிடிப்போம்'. பந்தல் செலவும், சோறும் மரவள்ளிக்கீரைக் குழம்பும் தலைமை விருந்தினரான தொழிலதிபர் போக்காரி ஃபோஃபனாவின் உபயம். அவருக்கு என்ன தொழில் என்று யாரும் கேட்கவில்லை. சாப்பாடு போடுகிறவரிடம் அப்படிக் கேட்பது பண்பல்ல.

"பிடிப்போம்! பிடித்தே தீருவோம்!" என்று ஹமீது ஒலிபெருக்கியில் முழங்கிக்கொண்டிருந்தார். கைதட்டல் வரவில்லை. கூட்டம் முழுவதும் அவர் முதுகுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. அவரும் திரும்பினார்.

ஒரு டிராலர் வந்துகொண்டிருந்தது. தானாக வரவில்லை. கொம்பேயின் தோணிகள் அத்தனையும் சேர்ந்து கயிறு கட்டி, பாட்டுப் பாடி, அதை இழுத்து வந்தன. முன் தோணியில் நின்றவள் செந்தோ கமாரா. இரண்டு தோணிகளுக்குச் சொந்தக்காரி. ஹமீதின் அப்பாவோடு இதே கரையில் மீன்பிடித் தொழில் செய்தவள். காலையில் அவள் வலையின் மேல் ஏறிய கப்பலின் அடியில் சுழலும் விசிறியில் அந்த வலையே சுற்றிக்கொண்டது. எஞ்சின் நின்றது. பாறைப் பக்கமாக அடித்துச் செல்லப்பட்ட கப்பல்காரர்கள் காப்பாற்றச் சொல்லிக் கத்தினார்கள். தோணிக்காரர்கள் காப்பாற்றினார்கள், காப்பாற்றி எங்கே கொண்டுபோவது என்பதை மட்டும் தாங்களே முடிவு செய்துகொண்டார்கள்.

"இந்தாங்க தம்பி," என்று செந்தோ கயிற்றை அவர் காலடியில் எறிந்தாள். "நீங்க தேடிக்கிட்டிருந்த கப்பல்."

ஹமீது கயிற்றைப் பார்த்தார். வலை கிழிந்த நாட்களில் அப்பா வாசலில் பேசாமல் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. கயிற்றை எடுக்கக் குனிந்தும்விட்டார். அதற்குள் கப்பலின் கேப்டன் பாலத்தில் இறங்கி, பந்தலை ஒரு பார்வை பார்த்து, தலைமை விருந்தினரைக் கண்டு முகம் மலர்ந்து, "பாஸ்!" என்றார்.

ஃபோஃபனா பிளேட்டைக் கீழே வைத்தார். ஹமீதின் காதருகே வந்தார். "ஹமீது, அது நம்ம கப்பல். கூட்டு வியாபாரம். நீ தலைநகருக்கு மாறுதல் கேட்டிருந்தேல்ல? அதை நேத்துதான் மேல பேசினேன்."

ஹமீது நிமிர்ந்தார். கயிறு தரையிலேயே கிடந்தது.

"கப்பலை யாரும்மா கொண்டுவரச் சொன்னது?"

"நீங்கதான். புடிக்கணும் புடிக்கணும்னு மைக்குல கத்துனீங்களே, கடல் வரைக்கும் கேட்டுச்சு."

"இது கலந்துரையாடல். கலந்து உரையாடணும். புடிக்கக் கூடாது."

"சரி, அப்ப அவங்க கூடவும் கொஞ்சம் உரையாடுங்க. என் வலை அவங்க விசிறியில இருக்கு."

"உங்க வலை அங்க எப்படிப் போச்சு? அதைத்தான் விசாரிக்கணும்."

விசாரணை உடனே நடந்தது. போய்க்கொண்டிருந்த கப்பலின் வழியில் கடலைப் போட்டது இறைவன் என்பதால் அவர்மேல் வழக்கில்லை. அந்தக் கடலில் வலையைப் போட்ட செந்தோமேல் 'விருந்தினர் கப்பலுக்கு இடையூறு' என்றும், 'அதிகாரமின்றிக் கப்பலைக் கைப்பற்றியது' என்றும் குற்றம் சாட்டப்பட்டது. அவளைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். கப்பல்காரர்கள் விசிறியில் சிக்கிய வலையைத் துண்டு துண்டாக அறுத்துக் கடலில் வீசினார்கள். அந்தப் பருவத்துக்கு அவளிடம் இருந்த நல்ல வலை அது ஒன்றுதான். ஹமீது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் அவருக்கு நல்ல பயிற்சி இருந்தது.

மீன் சுட்டு விற்கும் பெண்கள் திரண்டு வந்து நிலைய வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். இனி காவலர் வீடுகளுக்கு ஒரு போங்கா மீன்கூடக் கிடையாது என்றார்கள். சட்டம் மனமிரங்கியது. பொழுது சாய்வதற்குள் செந்தோ 'மன்னிக்கப்பட்டாள்'.

வெளியே வந்தவள் ஹமீதின் எதிரே நின்றாள். கோபமாகத் தெரியவில்லை, அதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா தம்பி? அதுவும் மீன் புடிக்குது, நானும் மீன் புடிக்கிறேன். அதுகிட்ட என்ன இருக்கு, என்கிட்ட என்ன இல்ல?"

"அது வெளிநாட்டுக் கொடி பறக்கிற கப்பல்மா. அதுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

"ஓ, கொடிதானா? இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

மறுநாள் காலை ஹமீது பாலத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தோணிகள் வரிசையாகக் கடலுக்குப் புறப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு கொடி. பழைய திரைச்சீலை, மாவுச் சாக்கு, பெண்கள் இடுப்பில் கட்டும் பூப்போட்ட துணி என்று வெட்டித் தைத்தவை. எந்த நாட்டுக் கொடிகள் என்று எந்த நாட்டுக்கும் தெரியாது. ஆனால் வெளிநாட்டுக் கொடிகள் என்பதில் சந்தேகமில்லை. கடன் வாங்கிய பழைய வலையோடு செந்தோவின் தோணி முன்னால் போனது.

ஹமீது யோசிக்கவே இல்லை. வெளிநாட்டுக் கொடியைக் கண்டதும் வரும் பழக்கதோஷம். தேநீர்க் கோப்பை இடக்கைக்கு மாறியது. வலக்கை தானாக உயர்ந்து நெற்றியில் சல்யூட்டாக நின்றது. தன் ஊர்த் தோணிகளுக்கு அந்தக் கை அதற்கு முன் ஒருநாளும் உயர்ந்ததில்லை.

செந்தோ துடுப்பை நிறுத்தி அவரைப் பார்த்தாள்.

"கையை எறக்காதீங்க தம்பி," என்றாள். "நம்ம ஊரு ஆளுங்கன்னு தெரிஞ்சா, மறுபடியும் தூக்கி உள்ள வச்சிருவீங்க."