பவுசர் பகிடிக்கு மட்டும் என் பெயரா?

பாலையூற்று,
திருகோணமலை.

மதிப்புக்குரிய நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஜவ்பர் அவர்களுக்கு,

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் வானொலி நிலையத்தில் உள்ள அனைவருக்கும் இறையருள் கிட்டுவதாக. காலையில் நேயர்களின் பகிடிகளை வாசிக்கும் அந்தத் தம்பிக்கு மட்டும் கொஞ்சம் பிந்திக் கிட்டட்டும்.

அன்றன்றைய செய்தியை வைத்துப் பகிடி எழுதி அனுப்புங்கள், நன்றாக எழுதுபவரை நிலையத்துக்கே எழுத்தாளராக எடுப்போம் என்று நீங்கள் அறிவித்த நாளில் பிடித்தது எனக்குச் சனியன். தையல் மெசினுக்குப் பக்கத்தில் ரேடியோவை வைத்துக்கொண்டு செய்தி கேட்பதும் எழுதுவதுமாக இருந்ததில், ஒருவருடைய சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டேன். மின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அன்றைக்கு எழுதினேன்: "பரவாயில்லை, இந்த நாட்டில் ஒரு பிழைக்கு முதல் தடவையாகப் பொறுப்பான ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள்." ஊரே சிரித்தது. ஆனால் பாலையூற்று புஸ்பராணி என்ற என் பெயரை உங்கள் தம்பி சாம்பல்தீவு புஸ்பராசா என்று வாசித்தார். துறைமுகத்தில் வேலை செய்யும் என் கணவர் வீரசிங்கம் அன்று பின்னேரம் குசினி வாசலில் நின்று, "ரேடியோவில ஆரோ புஸ்பராசாவாம், என்ன மாதிரி எழுதுறான் தெரியுமே? நீயும்தான் எழுதுறாய்" என்றார். அன்றைய சோற்றை அவரே போட்டுச் சாப்பிட்டார்.

நிலையத்துக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "அடுத்த முறை பெயரை வடிவாச் சொல்லுறம் அக்கா" என்றார் தம்பி. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதுதான் வினை.

குழாய் வெடித்ததிலிருந்து எங்கள் ஒழுங்கை தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறியை நம்பித்தான் இருக்கிறது. துறைமுகத்துக்கு உல்லாசப் பயணக் கப்பல் வந்த அன்று எழுதினேன்: "கடல் கடந்து கப்பல் வந்துவிட்டது. சந்தி கடந்து பவுசர்தான் இன்னும் வரவில்லை." தம்பி இதை வாசித்து, என் பெயர், கணவர் பெயர், ஒழுங்கை, பரிசு அனுப்ப வசதியாக நான் எழுதியிருந்த நீலக் கேற் அடையாளம் வரை ஒன்றும் விடாமல் ஒப்பித்தார்.

மறுநாள் பவுசர் ஒழுங்கை முகப்பில் நின்றது. சாரதி முனாஸ் தலையை வெளியே நீட்டினார்.

"அக்கா, ரேடியோவில என்னைக் கதைச்சது நீங்களா?"

"ஓம். அதுக்கென்ன?"

"அப்ப ரேடியோக்காரங்களிட்டயே தண்ணி கேளுங்க."

போய்விட்டார். குடத்தோடு நின்ற சனமெல்லாம் என்னைப் பார்த்தது. பக்கத்து வீட்டு சிவரூபி, "பகிடி நல்லம்தான் அக்கா, ஆனா அதில பிள்ளையைக் குளிப்பாட்ட ஏலாதே" என்றாள்.

நீங்களே சொல்லுங்கோ ஐயா, ஊர் சிரிச்ச பகிடிக்கு ஆரோ புஸ்பராசா, ஊர் ஏசுற பகிடிக்கு மட்டும் நானோ? நான் பொய்யா எழுதினனான்? பவுசர் வரேல்லை எண்டால் வரேல்லை எண்டுதானே எழுத ஏலும்? எழுத்தாளர் வேலையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். இனி உங்கட நிலையத்துக்கு ஒரு வரி எழுதமாட்டன். ரேடியோவையும் அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டன்.

உங்கள் வீட்டுக் குழாயில் என்றும் நீர் ஓட வாழ்த்தும்,
புஸ்பராணி வீரசிங்கம்

பி.கு.: உறையை ஒட்டும்போது பவுசர் ஹோர்ன் கேட்டது. முனாஸ் ஒழுங்கை முழுவதற்கும் தண்ணீர் தந்தார். கிண்ணியாவில் அவருடைய உம்மா பகிடியைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பிறகு இவரைப் பிடித்து ஏசினாராம். "பிழை என்னில இல்ல அக்கா. எங்கட மேற்பார்வையாளர் பவுசரை முதல்ல தன்ட தென்னந்தோட்டத்துக்கு அனுப்புறார். அதை எழுதுங்க" என்றார். அதையும் பகிடியாக எழுதி மறுபக்கத்தில் வைத்திருக்கிறேன். கடிதத்தை முனாஸே கொண்டுவந்து தருவார். செய்தி ஆறிப்போக முதல் நாளைக்கே வாசித்துவிடுங்கள். எழுதியது யார் என்று எவரும் கேட்டால், பெயர் சரியாக விளங்கவில்லை என்று சொல்லுங்கள். உங்களுக்குப் பழக்கம்தானே.