கல்யாணக் காரில் ஹீட்டர்

காரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. இந்த எளிய உண்மையை நான் ஒப்புக்கொள்ள ஒரு கல்யாணமே நடக்க வேண்டியிருந்தது (என்னுடைய கல்யாணம் இல்லை, அதில் வேறு சில உண்மைகள் தெரியவந்தன).

அப்போது கார் வாங்கி நான்கு மாதம். பழுதுபார்க்கும் வீடியோக்களை ஃபோனில் பார்த்துத் தள்ளி, சொந்தக்காரர்களின் வண்டிகளுக்கெல்லாம் இலவச வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிலிமத்தலாவையில் இருக்கும் சித்தப்பா மகள் தர்ஷினிக்குக் கல்யாணம். தாலி கட்டுவது மாப்பிள்ளையின் ஊரான மடுல்கெல்லையில், மலைமேல் தேயிலைத் தோட்டத்துக் கோவிலில். முகூர்த்தம் பதினொன்றரைக்குள். பெண்ணைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை நானே பிடுங்கி வாங்கிக்கொண்டேன். அலங்காரமும் நானேதான். காரின் முன்பக்கம் முழுவதும், ஒரு விரல் நுழைய இடமில்லாமல், மஞ்சள் செவ்வந்தியை அட்டையில் பதித்துக் கட்டினேன். சாமித்தேரே புறப்பட்டது போல இருந்தது.

வத்தேகமை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் ஏசியிலிருந்து சூடான காற்று வந்தது. பின்சீட்டில் பட்டுச்சேலையும் நகையுமாகத் தர்ஷினி. பக்கத்தில் அவள் அம்மா, என் சித்தி.

“அண்ணே, வேர்க்குது. மேக்கப் போயிரும்.”

“கேஸ் முடிஞ்சிருக்கும்” என்றேன், அனுபவசாலியின் குரலில். ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஏசித் துவாரங்களை ஒவ்வொன்றாகத் தட்டினேன். கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஜில்லென்று காற்று! சித்தி பூரித்துப்போனார். “புள்ளைக்குக் கைராசி” என்றார். நானும் மறுக்கவில்லை.

கைராசி நாலு வளைவுக்குத்தான் தாங்கியது. மறுபடியும் சூடு. இம்முறை டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு சின்னமும் எரிந்தது: தண்ணீரில் நிற்கும் வெப்பமானி.

“அது என்னண்ணே செவப்பா எரியுது?”

“உள்ளுக்கு சூடா இருக்குன்னு காரே சொல்லுது” என்றேன். (சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.) ஏசியை முழு வேகத்தில் வைத்தேன்.

பன்வில கடைத்தெருவுக்கு வந்தபோது பொனட்டிலிருந்து ஆவி கிளம்பியது. கூடவே செவ்வந்தி வெந்த வாசனை. மணி பத்தேமுக்கால். சித்தி வாய்விட்டு அழத் தொடங்கினார். எனக்கும் அழுகை வந்தது. சாரதி என்பதால் அடக்கிக்கொண்டேன். முகூர்த்தம் தவறினால் தர்ஷினியின் முகத்தில் எப்படி விழிப்பது?

நல்லவேளை, எதிரிலேயே ஒரு கராஜ். அதை நடத்தும் பாரூக் நானா (எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரை ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம்) வந்து பார்த்தார். நான் முந்திக்கொண்டு, “கேஸ்தான் நானா” என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் பூவைப் பார்த்தார். “ஏசில ஒண்டும் பிழை இல்ல தம்பி. எஞ்சின் சூடு கூடினா வண்டி தானாவே ஏசிய நிப்பாட்டும். காத்து போற வழிய இப்பிடிப் பூவால அடச்சா ரேடியேட்டர் என்னத்தச் செய்யும்?”

என் கலைப்படைப்பு இரண்டே நிமிடத்தில் பிய்த்தெறியப்பட்டது. எஞ்சின் ஆறும்வரை நானாவின் மனைவி தர்ஷினியைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து, மேசை விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார். பழைய டயர்களுக்கு நடுவே கல்யாணப் பெண். தர்ஷினி முதலில் என்னை முறைத்தாள். பிறகு தன் கோலத்தை ஃபோனில் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சித்தியும் அழுதுகொண்டே சிரித்தார்.

நானா ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கடைசி மருந்தைச் சொன்னார். “ஏசி வாணாம். கண்ணாடி எல்லாத்தையும் எறக்குங்க. ஹீட்டர முழுசாப் போடுங்க, எஞ்சின் சூட்ட அது இழுத்துக்கும்.”

உச்சிவெயில் ஏறும் நேரத்தில், ஹீட்டர் போட்டுக்கொண்டு மடுல்கெல்லைக்கு ஏறிய ஒரே கல்யாணக் கார் என்னுடையதாகத்தான் இருக்கும்.

கோவில் வாசலில் இறங்கும்போது மணி பதினொன்று இருபது. எனக்கு உயிர் திரும்பி வந்தது. தர்ஷினியின் மேக்கப் கழுத்துக்கு இறங்கியிருந்தது. மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தன் கைக்குட்டையை நீட்டினார். அதுவரை அவரோடு நாலு வார்த்தைகூடப் பேசியிராதவள், அந்த நிமிடம்தான் அவரைப் பிடித்துப்போனது என்று இன்றும் சொல்கிறாள். ஆக, அந்தக் காதலுக்கு நானே காரணம். இதை அவர்கள் வீட்டில் யாரும் ஏற்பதில்லை.

எங்கள் குடும்பத்தில் எனக்கு வரும் அழைப்புகள் எல்லாம் இப்போது ஒரே மாதிரிதான் முடிகின்றன. போன மாதம் தன் மகளின் காதுகுத்துக்குத் தர்ஷினி ஃபோனில் கூப்பிட்டாள். “அண்ணே, நீங்கதான் முன்னுக்கு நின்னு எல்லாம் செய்யணும். கட்டாயம் வந்துருங்க.” நான் நெகிழ்ந்துபோனேன். அதற்குள் பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது.

“பஸ்ல வரச் சொல்லு!”